கையும் பொறியும்: தொழில்கள் மீண்டும் மனிதரிடம் திரும்பிய வரலாறு

நம் சங்கத்து அன்பர்களுள் வாணிகமும் தோட்டத்தொழிலும் செய்வோர் பலர். வத்தலக்குண்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் பழனியிலும் மண்டி நடத்துவோர், பழனிமலைச் சாரலில் காப்பியும் மலைவாழையும் பயிரிடுவோர் ஆகிய இவர்தம் இல்லங்களில் இந்நாளில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்றுண்டு. பட்டம் பெற்று ஊர் திரும்பிய மைந்தன், ‘கணக்கு முழுவதையும் கணிப்பொறியே பார்த்துக்கொள்ளும், இனிக் கணக்குப்பிள்ளை எதற்கு?’ என்கின்றான். தந்தையோ, முப்பதாண்டு தம்முடன் இருந்த ஒருவரை எவ்வாறு அனுப்புவது என்று தயங்குகின்றார். மைந்தனுக்கு அத்தயக்கம் வெறும் இரக்கமாகத் தோன்றுகின்றது. தந்தைக்கும் வேறு காரணம் எடுத்துச் சொல்ல வரவில்லை. அக்காரணம் ஒன்று உண்டா, உண்டாயின் அஃது யாது என்பதை வரலாற்றைக்கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறி வந்தால் கை போகும், போன கை மீளாது என்பது உலகோர் பொது எண்ணம். பெரும்பாலும் அவ்வாறே நிகழ்ந்தும் வந்துள்ளது. ஆயினும் கடந்த சில பத்தாண்டுகளில், பெரும்பொருள் செலவிட்டுத் தானியங்கும் பொறிகளையும் அவற்றை நடத்தும் மென்பொருளையும் அமைத்த நிறுவனங்கள் சில, அவற்றை நீக்கிவிட்டு மனிதரையே மீண்டும் அழைத்தன. அவ்வாறு செய்தோர் வறியரும் அல்லர். பொறியை வெறுத்தோரும் அல்லர். பொறி செய்தலையே தொழிலாகக் கொண்டோரும் அவருள் உளர். ஆகலின் அவர் செயல் நாம் கருதத்தக்கது.

மீளக்கூடாத சுமை

முதற்கண் ஒன்றைத் தெளிவுறுத்தல் வேண்டும். கைவேலை யாவும் மேலானது, பொறி யாவும் தீது என்பது எம் கருத்தன்று. அதற்கு நம் மலையே சான்று. 1845ஆம் ஆண்டில் மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்தோர் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினர். அதன்பின் ஏறத்தாழ எழுபதாண்டுக் காலம், மலையேறிய துரைமாரும் அவர் குடும்பத்தாரும் பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்தினின்று குதிரைமீதோ, மனிதர் தோளிற் சுமந்த நாற்காலியிலோ டோலியிலோ சென்றனர். அவர்தம் பெட்டியும் படுக்கையும் கூலியாட்களின் தலைமேல் ஏறின. 1875இல் புகைவண்டி அம்மையநாயக்கனூர் வழியே ஓடத்தொடங்கிய பின்னரும் மலைமேற் செல்லும் வழி இதுவாகவே இருந்தது. 1914இல் வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை அமைந்தது; மோட்டார் வண்டி ஏறிற்று; தோட்சுமை நின்றது.

அச்சுமை மீண்டும் வரவேண்டும் என்று விரும்புவார் ஒருவரும் இலர், விரும்புதலும் தகாது. மனிதனை வெறும் முதுகாகக் கருதிய வேலையைப் பொறி ஏற்றுக்கொண்டமை நன்றே. ஆதலின் நாம் ஈண்டு ஆராய்வது அத்தகைய வேலையை அன்று. மனிதனுடைய கண்ணும் கருத்தும் கையோடு கூடி நின்ற வேலையையே என்க.

சூரியனை எண்ணினோர்

அத்தகைய வேலை ஒன்று கொடைக்கானலிலேயே நூறாண்டுக்கு மேலாக நடந்து வந்துள்ளது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டனார் காலத்துப் பேச்சால் அறிவோம். மழை பொய்த்தமைக்கும் சூரியனிடத்துத் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டுகொல் என்னும் ஆராய்ச்சி அதன்பின் வலுப்பெற்றது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் பணியை உயர்ந்த மலையொன்றுக்கு மாற்றக் கருதிய அரசாங்கத்தார், நீலகிரியையும் பழனிமலையையும் ஆராய்ந்து கொடைக்கானலைத் தெரிந்தெடுத்தனர். 1895இல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899இல் மிச்சி ஸ்மித் என்பார் தலைமையில் நிலையம் பணி தொடங்கிற்று. 1909இல் ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர், கரும்புள்ளியின் ஓரத்தில் ஆவி வெளிநோக்கிப் பாய்தலை இங்கிருந்தே கண்டறிந்தார். அந்நிகழ்ச்சி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

எவர்ஷெட் பெயரை உலகம் அறியும். ஆனால் வானம் வெளுத்த நாள்தோறும் சூரியனைக் கண்ணாடித் தகட்டிற் படம்பிடித்தும், கோடிட்ட வட்டத்தாளில் புள்ளிகளையும் ஒளித்திட்டுகளையும் சுடர்க்கொழுந்துகளையும் நிறம் பிரித்துக் கையால் வரைந்தும் வந்த பணியாளர் பெயரை உலகம் அறியாது. 1904 முதல் இவ்வாறு சேர்ந்த படங்களும் சித்திரங்களும் உலகின் நெடிய சூரியக் குறிப்புகளுள் ஒன்றாகத் திகழ்கின்றன.

இந்நூற்றாண்டில் அத்தகடுகள் கணிப்பொறிக்குள் ஏற்றப்பட்டன. புள்ளிகளைத் தானே கண்டு அளக்கும் நிரல்களும் எழுதப்பட்டன. ஈண்டே இடர்ப்பாடு தோன்றிற்று. பழைய தகட்டில் கீறலுண்டு; தூசியுண்டு; மேகத்தின் நிழலுண்டு. நிரலுக்கு இவையாவும் கருமையே. சூரியனது புள்ளியும் கருமையே. அதனால் ஆராய்ச்சியாளர் நிரலை மட்டும் நம்பாது, எது புள்ளி, எது பழுது என்று தெரிந்தெடுக்க மனிதக் கண்ணையும் உடன் சேர்த்துக்கொண்டனர். கையால் வரைந்த சித்திரங்களே பின்னர்ப் புதிய ஆராய்ச்சிக்கு மூலமாயின. வரைந்தவன் வரையும்போதே கீறலை நீக்கிப் புள்ளியை மட்டும் பதிந்திருந்தான் அன்றோ?

பெல்ஜியம் நாட்டுப் பிரஸ்ஸல்ஸ் நகரில் உலகப் பொதுவான கரும்புள்ளிக் கணக்கை வைத்திருப்போர், பல நாடுகளிலுள்ள நோக்கர்கள் சிறு தொலைநோக்கி வாயிலாகக் கண்ணால் எண்ணி அனுப்பும் தொகையையே இன்றும் அடிப்படையாகக் கொள்கின்றனர். விண்ணிற் செல்லும் கலங்கள் சூரியனை இமையாது நோக்கும் காலத்தில் இது பழமை விரும்புதலோ எனின், அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சூரிக் நகரத்து ருடால்ஃப் வொல்ஃப் என்பார் சிறு கண்ணாடியால் எண்ணத் தொடங்கிய கணக்கின் தொடர்ச்சி அது. பெருங்கண்ணாடியும் நிரலும் கொண்டு எண்ணினால் முன்னோர் காணாத நுண்புள்ளிகளும் தொகையிற் சேரும். அப்போது வளர்ந்தது சூரியனது புள்ளியா, நம் அளவுகோலா என்று அறியலாகாது. பழைய கணக்கோடு புதிய கணக்கு பொருந்துவதற்காகவே பழைய முறை காக்கப்படுகின்றது. வாணிகம் செய்வோர் இதனை எளிதில் உணர்வர்.

தொழிற்சாலைகளின் பாடம்

இனிப் பிறநாட்டுத் தொழிற்சாலைகளை நோக்குவோம். ஜப்பான் நாட்டு டொயோட்டா நிறுவனம் பொறித்திறனில் உலகிற் பெயர்பெற்றது. அந்நிறுவனத்தில் 1966இல் இளைஞராகச் சேர்ந்த மிட்சுரு கவாய் என்பார், அதன் ஆலைகளிற் சிலவிடங்களில் தானியங்கிகளை நீக்கி, செம்மையாகப் பழுத்த இரும்பைத் தொழிலாளர் கையாலேயே அடித்து வளைத்துக் கார் எஞ்சினின் சுழல்தண்டை உருவாக்கும்படி செய்தார். இச்செய்தி 2014இல் உலகெங்கும் பரவிற்று. அவர் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. பொறியைக் காத்து நிற்பவன் பொறி செய்வதையே மீண்டும் மீண்டும் செய்விப்பான். அதனைத் திருத்த அவனால் இயலாது. கையால் செய்தவனுக்கே இரும்பு எங்கே வீணாகின்றது, எந்தப் படி மிகையானது என்பது புலனாகும். அவ்வாறு கையால் கற்றவர்கள் பொறிவரிசையையே சுருக்கிச் செப்பஞ்செய்தனர், கழிவும் குறைந்தது. ஆகவே கவாய் பொறியைத் துரத்தினாரல்லர். பொறிக்குக் கற்பிக்கும் ஆசானைக் காத்தார் என்க.

ஜெர்மனியில் மெர்சிடிஸ் நிறுவனத்தார் சிண்டெல்ஃபிங்கன் ஆலையில் 2016இல் பெரிய இயந்திரக் கைகள் சிலவற்றை நீக்கி மனிதரை நிறுத்தினர். வாங்குவோர் ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி கேட்கும் வேறுபாடுகள் பலவாதலின், பொறியை நாள்தோறும் மாற்றி அமைப்பதினும் மனிதனிடம் சொல்லிச் செய்விப்பது விரைவாக முடிந்தது.

அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் தன் மூன்றாம் மாதிரி மோட்டார் வண்டியை ஏறக்குறைய முற்றும் பொறிகளாலேயே செய்ய முயன்றது. வண்டிகள் குறித்த தொகையில் வெளிவரவில்லை. சிக்கலான சுமைப்பட்டை அமைப்பொன்றையே கழற்றி எறிய நேர்ந்தது. அளவுக்கு மிஞ்சித் தானியங்கிகளை நம்பியது தம் பிழை என்றும், மனிதரது ஆற்றலை உலகம் குறைவாக மதிக்கின்றது என்றும் அதன் தலைவர் ஈலான் மஸ்க் 2018 ஏப்ரலில் வெளிப்படையாக எழுதினார்.

விடுதியும் கடையும்

ஆலையைவிட விடுதியும் கடையும் நமக்கு நெருங்கியவை. ஜப்பானில் நாகசாகிப் பகுதியில் 2015இல் ‘ஹென்-நா’ என்னும் விடுதி திறக்கப்பட்டது. வரவேற்பு முதல் பெட்டி சுமத்தல் வரை இயந்திர மனிதர்களே செய்வர் என்பது அதன் பெருமை. அறையில் இருந்த பேசும் பொம்மை, விருந்தினர் குறட்டை விட்டால் அதனைக் கட்டளை எனக் கருதி, ‘என்ன வேண்டும்?’ என்று அவரை எழுப்பிற்று. பெட்டி சுமக்கும் பொறி நூறு அறைகளுக்கு மேலுள்ள விடுதியில் ஏறத்தாழ இருபத்துநான்கு அறைகளுக்கே செல்ல வல்லதாயிருந்தது. மழையில் நனைந்தால் அதுவும் நின்றது. 2019இன் தொடக்கத்தில் இருநூற்று நாற்பத்துமூன்று பொறிகளுள் பாதிக்கு மேற்பட்டவை நீக்கப்பட்டன என்ற செய்தி வந்தது. வேலையைக் குறைக்க வந்தவை அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பெருக்கின.

இங்கிலாந்தின் வடபகுதியிற் பலசரக்குக் கடைகள் நடத்தும் பூத்ஸ் நிறுவனத்தார், வாங்குவோர் தாமே விலைபோட்டுக்கொள்ளும் பொறிகளை இரண்டு கடைகள் ஒழிய ஏனைய எல்லாக் கடைகளினின்றும் நீக்குவதாக 2023இல் அறிவித்தனர். நிறுத்து விற்கும் காய்கனிகளைப் பொறி அறிவதில்லை. வாங்குவோர் ஒவ்வொரு முறையும் ஆளைத் தேடவேண்டியிருந்தது. அமேசான் நிறுவனம், பொருளை எடுத்துக்கொண்டு நேரே வெளியேறலாம், படக்கருவிகள் கண்டு கணக்கிடும் என்று அமைத்த முறையை அமெரிக்காவிலுள்ள தன் பெரிய மளிகைக்கடைகளினின்று நீக்குவதாக 2024 ஏப்ரலில் தெரிவித்தது. அக்கருவிகள் கண்டதைச் சரிபார்க்க இந்தியாவில் பலர் அமர்ந்திருந்தனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. அவர் பணி பெரும்பாலும் பொறியைப் பயிற்றுவதே என்று நிறுவனம் விடை கூறிற்று. எவ்வாறாயினும், ஆளில்லாக் கடைக்குப் பின்னே ஆள் இருந்தமை தெளிவு.

சுவீடன் நாட்டுக் கிளார்னா என்னும் பணப்பரிமாற்ற நிறுவனம், எழுநூறு பேர் செய்யும் வேலையைத் தன் உரையாடும் மென்பொருள் செய்கின்றது என்று 2024இல் பெருமிதம் கொண்டது. 2025இலோ, செலவை மட்டும் நோக்கியதால் பணியின் தரம் தாழ்ந்தது என்று அதன் தலைவர் ஒப்பி, குறைதீர்க்கும் வேலைக்கு மீண்டும் மனிதரைச் சேர்க்க முற்பட்டார்.

காரணங்கள் நான்கு

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துக் காரணங்கள் நான்காக அமைகின்றன. ஒன்று, வேறுபாடு. ஒரே தன்மையான பொருளை ஓராயிரம் முறை செய்யப் பொறி வல்லது. ஒவ்வொன்றும் வேறாயின் திகைக்கின்றது. இரண்டு, சொல்லப்படாத அறிவு. அனுபவமுடையவன் அறிந்தவற்றிற் பெரும்பகுதி அவனே சொல்ல அறியாதது. சொல்லப்படாததை நிரலில் எழுதுவது எங்ஙனம்? மூன்று, மறைந்த உழைப்பு. பொறி குறைத்ததாகக் காட்டும் வேலை, பழுதுபார்த்தலாகவும் சரிபார்த்தலாகவும் வேறோரிடத்தில் வளர்கின்றது. நான்கு, பிழையின் பெருக்கம். கணக்கர் ஒருவர் தவறினால் ஓர் இடத்தில் தவறுவார். நிரல் தவறினால் எல்லா இடத்திலும் ஒரே வகையாகத் தவறும், அதனைக் காணும் கண்ணும் அப்போது அங்கிராது.

ஐந்தாவதாக ஒரு காரணமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. கூலி மலிவாயிருப்பதனாலேயே பொறியை விடுவோரும் உளர். அது கைக்குச் செய்யும் சிறப்பன்று. கையறிவை மதிக்கின்றோம் என்போர் அதற்குரிய ஊதியத்தையும் மதித்தல் வேண்டும்.

நம் மலையிலும் மண்டியிலும்

தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் பெரும்பாறையிலும் காப்பி பறிப்போரைப் பாருங்கள். ஒரே கிளையில் காயும் செங்காயும் பழமும் கலந்து நிற்கும். பழுத்ததை மட்டும் பறித்து, மற்றதை அடுத்த சுற்றுக்கு விடுதல் வேண்டும். பச்சைக்காய் கலந்தால் காப்பியின் சுவை கெடும். பிரேசில் நாட்டுச் சமவெளித் தோட்டங்களில் பெரும்பொறிகள் வரிசை வரிசையாகச் செடியை உலுக்கிக் காப்பியை உதிர்க்கின்றன. சரிவும் பாறையும் நிழல்மரமும் நிறைந்த நம் மலையில் அப்பொறி நிற்கவும் இடமில்லை. ஆனால் பறித்த பழத்தின் தோலை உரிக்கும் பொறியை நாம் மகிழ்ந்து ஏற்றோம். ஒரு தோட்டத்திற்குள்ளேயே பொறிக்குரிய இடமும் கைக்குரிய இடமும் இவ்வாறு வேறாக நிற்கின்றன.

போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தையில் இன்று விலை கணிப்பொறித் திரையில் ஏறுகின்றது. ஆயினும் கேட்போர் மாதிரிக் காயைக் கையில் அள்ளி, நிறமும் பருமனும் நோக்கியே தொகை சொல்கின்றனர். விலையைக் கூட்டுவது பொறி. தரத்தை மதிப்பது விரல்.

மண்டிக் கணக்கும் இவ்வாறே. சிட்டையிலிருந்து நாள்வழிக்கும், நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கும் ஏற்றும் வேலையைக் கணிப்பொறி நொடியிற் செய்யும், கூட்டலிற் பிழையாது. 2017இல் வந்த சரக்கு சேவை வரிக்குக் கணக்கு அனுப்ப அஃது இன்றியமையாததும் ஆயிற்று. அதனை விடுக என்று யாம் கூறவில்லை. ஆனால் ஒரே ஊரில் ஒரே பெயருடைய மூவருள் சுமை அனுப்பியவர் எவர், மழைநாளில் வந்த மூட்டைக்கு ஈரக்கழிவு எவ்வளவு, திருமணச் செலவால் இம்முறை தவணை தவறியவர் அறுவடையில் தவறாது தருவாரா என்பனவற்றுக்குப் பேரேட்டில் பத்தியில்லை. அவை கணக்குப்பிள்ளையின் நெஞ்சில் இருக்கின்றன. அவர் வெளியேறும் நாளில் மண்டியின் பாதிக் கணக்கு அவருடன் வெளியேறுகின்றது. தந்தையின் தயக்கத்துக்குச் சொல்லத் தெரியாத காரணம் இதுவே.

நாம் செய்யத்தக்கது

டொயோட்டா கைவேலைக்கு மீளமுடிந்தது ஏன்? கவாய் போன்றோர் அங்கே இன்னும் இருந்தமையால். அவரையும் அவர் தலைமுறையாரையும் முன்னரே அனுப்பிவிட்டிருந்தால், மீள விரும்பினும் கற்பிப்பார் இலர். பொறி பழுதுற்றால் புதிது வாங்கலாம். அறுந்த கையறிவை எந்தச் சந்தையிலும் வாங்கலாகாது. ஒரு தலைமுறை இடைவிட்டால் போதும், அது முற்றும் அழிந்துபடும். கை மீளுதற்கு வழி திறந்திருக்க வேண்டுமாயின், அவ்வழியைக் காக்கும் ஒருவரையேனும் வைத்திருத்தல் வேண்டும்.

ஆதலின் நம் அன்பர்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். மென்பொருள் வாங்குவோர், விதைப்பு முதல் அறுவடை வரை ஓராண்டேனும் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் உடன்வைத்து ஒப்பிடுக. நல்ல நாளில் மட்டும் சோதித்த பொறியை நம்பற்க. இரண்டாவது, பொறி விற்பவரைக் கேட்குமுன் அவ்வேலையைச் செய்து வந்தவரைக் கேட்க. பொறி சொன்னதை அவர் திருத்தும் இடமெல்லாம் தனியே குறித்துவைக்க. அக்குறிப்பே பொறிக்கு எட்டாத அறிவின் பட்டியல் ஆகும். மூன்றாவது, மைந்தரை அவர் அருகில் ஓராண்டு அமர்த்துக. கணிப்பொறி கற்ற இளைஞன் சிட்டையும் பேரேடும் கற்பானாயின், முதியவரது அறிவும் இளையவரது கல்வியும் ஒருங்கே நம் கடைக்குச் சொந்தமாம். நம் சங்கத்தார் கோடை விடுமுறையில் இதற்கென ஒரு வகுப்பு நடத்துவாராயின் மிகவும் நன்று. கற்பிக்க முதிய கணக்கர்கள் நம்மிடையே இன்னும் உளர்.

உடலை வருத்தும் சுமையைப் பொறிக்குக் கொடுப்போம். எண்ணிப் பார்க்கும் பொறுப்பை நம்மிடமே வைத்துக்கொள்வோம். கணக்குப்பிள்ளையை வைத்திருப்பது இரக்கம் மட்டுமன்று, முதலைக் காத்தலும் ஆகும் என்று தந்தையர் மைந்தர்க்குத் தயங்காது கூறுக. மைந்தரும் அதனைக் கேட்டுத் தம் கல்வியை அவ்வறிவின்மேல் அமைத்து உயர்வாராக.